சயனோடைப்பிலிருந்து பிளாட்டினம் வரை: கையால் பிரிண்ட் போடக் கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாற்று அச்சு முறைகள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

கடையில் வாங்கும் போட்டோ பேப்பர் இல்லாமல், நாமே ஒரு நல்ல காகிதத்தில் ரசாயனம் பூசி, உலர்த்தி, அதன் மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டி எடுக்கும் பிரிண்ட்கள். சயனோடைப், வான்டைக் பிரவுன், சால்ட் பிரிண்ட், ஆல்புமின், பிளாட்டினம், பல்லேடியம், கம் பைக்ரோமேட், கார்பன் எல்லாம் இந்தக் குடும்பம். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் பிறந்தவை. இவற்றுக்குப் பொதுவாக இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, இவை புற ஊதாக் கதிருக்குத்தான் நன்றாக வேலை செய்யும். இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் கருவியின் பல்பு போதாது. இரண்டு, அதனாலேயே நெகட்டிவ் பிரிண்டின் அளவிலேயே இருக்க வேண்டும். எட்டுக்குப் பத்து அங்குல பிரிண்ட் வேண்டுமென்றால் எட்டுக்குப் பத்து நெகட்டிவ்.

வீட்டில் இருட்டறை இல்லை. கற்க முடியுமா?

முடியும். ஜன்னலை மூடிய ஓர் அறை, மஞ்சள் நிறக் குறைந்த வாட் குண்டு பல்பு, தண்ணீர் வசதி. இது போதும். டியூப்லைட்டையும் பகல் வெளிச்சத்தையும் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் கொஞ்சம் புற ஊதா இருக்கும். குளியலறையில் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். ஒரே நிபந்தனை: சமையலறை வேண்டாம். டிரே, அளவுக் குவளை, கரண்டி எதுவும் சமையலுக்குத் திரும்பிப் போகக் கூடாது.

எதில் தொடங்குவது? பயிலரங்குகளில் இரண்டே நாளில் ஐந்து முறைகள் சொல்லித் தருகிறார்களே?

சயனோடைப். அதிலேயே ஒரு பருவம் முழுக்க இருங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. ஐந்து முறைகளை ஒரே வாரத்தில் பார்ப்பது நல்ல அறிமுகம், ஆனால் அது கற்றல் ஆகாது. இந்த வேலையில் சிரமமான பகுதி ரசாயனமே இல்லை. காகிதம் எவ்வளவு உறிஞ்சுகிறது, பிரஷ் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும், இந்த நெகட்டிவுக்கு எத்தனை நிமிடம், உங்கள் ஊர்த் தண்ணீர் என்ன செய்கிறது: இவைதான் சிரமம். இவை எல்லா முறைகளுக்கும் பொது. மலிவான முறையில் இவற்றைக் கற்றுக்கொண்டால், பல்லேடியத்துக்குப் போகும்போது வீணாவது குறையும்.

சரி, சயனோடைப் எப்படிச் செய்வது?

ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த செய்முறை இன்றும் கிட்டத்தட்ட அப்படியே நடக்கிறது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை நேரடியாகக் காகிதத்தின் மேல் வைத்து நீலப் பிரதிகள் எடுத்து, தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கினார். பிறகு பொறியாளர்கள் கட்டட வரைபடங்களைப் பல தலைமுறைகளுக்கு இதே நீலத்தில்தான் நகலெடுத்தார்கள்.

இரண்டு கரைசல்கள். முதல் பாட்டிலில் பச்சை நிற ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், மொத்தம் 100 மில்லி வரும்படி டிஸ்டில்டு வாட்டர். இரண்டாவதில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், அதே 100 மில்லி. தனித்தனியாக இருட்டில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நம் ஊர் வெக்கையில் முதல் பாட்டிலில் பூஞ்சை பிடிப்பது சகஜம். பதறாமல் காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பூசும்போது இரண்டையும் சம அளவு கலக்கவும். எட்டுக்குப் பத்து அளவுக்கு 2 மில்லி தாராளம். அகலமான மென்மயிர்ப் பிரஷ் அல்லது ஸ்பாஞ்ச் பிரஷால் முதலில் குறுக்காக, உடனே நெடுக்காக, லேசாக. காகிதத்தின் மேல் குளம் கட்டக் கூடாது, அதே பகுதியைத் திரும்பத் திரும்பத் தேய்க்கவும் கூடாது. இருட்டில் நன்றாக உலரட்டும். உலர்ந்த பூச்சு மஞ்சள் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். வெளிச்சம் காட்டும் முன்பே நீலமாகவோ சாம்பலாகவோ மாறியிருந்தால் அந்தத் தாள் கெட்டுவிட்டது. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் இது சீக்கிரம் நடக்கும், ஆகவே பூசிய தாளை அன்றே முடித்துவிடுங்கள்.

நெகட்டிவை மேலே வைத்து, கண்ணாடி அழுத்தி, வெயிலில் வையுங்கள். உச்சி வெயிலில் ஐந்து நிமிடத்திலிருந்து இருபது வரை ஆகலாம், நெகட்டிவைப் பொறுத்தது. புதியவர்கள் எல்லோரும் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். நிழல் பகுதிகள் நீலத்தைத் தாண்டி, சாம்பலாக, கிட்டத்தட்ட வெண்கலப் பளபளப்போடு திரும்பும் வரை பொறுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் படம் பாழானது போலத்தான் தெரியும். கழுவும்போது ஒரு பகுதி கரைந்து போகும் என்பதால் அந்தக் கூடுதல் தேவை.

பிறகு தண்ணீரில் கழுவுங்கள். வெள்ளைப் பகுதிகளில் மஞ்சள் துளியும் இல்லாமல் போகும் வரை, தண்ணீரை மாற்றி மாற்றி. கடைசித் தண்ணீரில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் விட்டால் நீலம் சட்டென்று ஆழமாகும். அது கட்டாயமில்லை. காற்றில் ஒரு நாள் உலர்ந்தாலும் அதே ஆழத்துக்கு வந்துவிடும், அந்த ஒரு நாளுக்குள் பிரிண்டை எடைபோட்டுவிடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் நீலம் வெளிறிப் போகிறது, மஞ்சள் கறை நிற்கிறது. என்ன காரணம்?

ஏறக்குறைய எப்போதுமே காகிதம் அல்லது தண்ணீர்.

சயனோடைப்பின் நீலம் பிரஷ்யன் நீலம். அமிலத்தில் நிம்மதியாக இருக்கும், காரம் பட்டால் சிதையும். நல்ல ஓவியக் காகிதம் என்று வாங்குவதில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள், காலத்தால் மஞ்சளாகாமல் இருப்பதற்காக. நீர்வண்ணத்துக்கு அது நல்லது, நமக்கு அதுவே எதிரி. பூச்சு உலரும்போதே காரம் வேலையைத் தொடங்கிவிடும். சயனோடைப் மட்டுமல்ல, இரும்பு உப்பை வைத்துச் செய்யும் எல்லா முறைகளுக்கும் இது பொருந்தும். வழி இரண்டு. ஆர்ச் பிளாட்டின், ஹானமூலே பிளாட்டினம் ராக், பெர்கர் காட் 320 போன்ற, இதற்கென்றே கார்பனேட் இல்லாமல் செய்த காகிதங்களை வாங்குவது, விலை அதிகம். அல்லது சாதாரணப் பருத்திக் காகிதத்தைப் பத்து சதவீத சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, உலர்த்திப் பயன்படுத்துவது. ஊறும்போது பொடிப்பொடியாகக் குமிழ் வந்தால் கார்பனேட் வெளியேறுகிறது என்று அர்த்தம். குமிழ் நிற்கும் வரை விடுங்கள். புதுச்சேரி ஆசிரமத்தில் கையால் செய்யும் காகிதம் போன்றவற்றையும் முயன்று பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு கட்டிலும் ஒரு தாளை முதலில் சோதித்துவிட்டுத்தான் மொத்தமாக வாங்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர், காரத்தன்மையும் உண்டு. அதில் அரை மணி நேரம் ஊறினால் நீலம் கண்ணெதிரே மெலியும். முதல் இரண்டு கழுவலில் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதாவது மளிகைக் கடையில் விற்கும் அதே சிட்ரிக் அமிலம், போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் கறையும் இதில் சீக்கிரம் போகும், வெளிச்சப் பகுதிகளில் நுணுக்கமான சாயல்களும் (கருமைக்கும் வெண்மைக்கும் நடுவிலுள்ள படிகள்) கூடுதலாக நிற்கும். நான் கேட்ட புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு சிட்டிகையில் தீர்ந்திருக்கிறது.

நெகட்டிவுக்கு எங்கே போவது? என்னிடம் செல்போன் படங்கள்தான் இருக்கின்றன.

செல்போன் படமே போதும். கணினியில் கறுப்பு வெள்ளையாக்கி, நெகட்டிவாகத் திருப்பி, இடவலமும் மாற்றி, இங்க்ஜெட் பிரிண்டரில் ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்க வேண்டும். இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு உள்ள ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஜெராக்ஸ் கடையின் லேசர் அச்சில் கறுப்பு அடர்த்தி போதாது, புள்ளிகளும் தெரியும். இலைகள், பூக்கள், சரிகைத் துணி என்று நெகட்டிவே இல்லாமல் முதல் சில தாள்களைச் செய்வதும் நல்ல பழக்கம். பூச்சில் தவறா, நெகட்டிவில் தவறா என்ற குழப்பம் அதில் வராது.

அச்சடித்த நெகட்டிவ் முதலில் ஏமாற்றும். திரையில் அழகாக இருந்த படம் தாளில் நிழலெல்லாம் அடைத்து, வெளிச்சமெல்லாம் வெளுத்து வரும். ஒவ்வொரு முறைக்கும் சாயல்களை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு என்பதால், அதற்கேற்ற ஒரு திருத்த வளைவை, அதாவது கணினியில் நெகட்டிவின் சாயல்களை மாற்றியமைக்கும் அமைப்பை, நாமே உண்டாக்க வேண்டும். அதற்கு முன் அடிப்படை நேரத்தைக் கண்டுபிடியுங்கள். எதுவும் அச்சடிக்காத வெற்று ஷீட்டைப் பூசிய தாள் மேல் வைத்து, அட்டையால் மறைத்து மறைத்து, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு நிமிடம் என்று பட்டைகள் எடுங்கள். கழுவி, உலர்ந்த பிறகு பாருங்கள். எந்தப் பட்டைக்கு மேல் கருமை கூடவே இல்லையோ, அதுதான் உங்கள் நேரம். இனி அதை மாற்றாதீர்கள். படம் வெளிறினாலும் அடைத்தாலும் திருத்த வேண்டியது நெகட்டிவைத்தான். நேரத்தையும் நெகட்டிவையும் சேர்த்து மாற்றுகிறவர்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றுகிறார்கள்.

ஸ்டூஃபர் 21 படி அளவுப் பட்டை ஒன்று வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். தெளிவிலிருந்து கருமை வரை படிப்படியாக அடர்த்தி கூடும் பிலிம் துண்டு அது. ஒவ்வொரு படியும் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), 0.15 அடர்த்தி. எந்தக் காகிதம், எந்தக் கரைசல் எத்தனை சாயல் தாங்கும் என்று ஊகிக்காமல் எண்ணிச் சொல்லலாம்.

பிலிமில் ஏற்கெனவே படமெடுப்பவர்களுக்கு வேறொரு நல்ல வழி: பெரிய கேமராவில் எக்ஸ்ரே பிலிம். சிவப்பு விளக்கில் டெவலப் செய்யலாம், கண்ணால் பார்த்தே நிறுத்தலாம். பூச்சு இரண்டு பக்கமும் இருப்பதால் டிரேயில் கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலா, யுவி விளக்கா?

தொடக்கத்தில் வெயில். மேகம் வந்துபோகும் நாட்களில் நேரம் கணக்கில் நிற்காது, அவ்வளவுதான் குறை. வளைவு போடும் அளவுக்கு வந்த பிறகு விளக்கு தேவைப்படும். 365 நானோமீட்டருக்குப் பக்கமான எல்இடி அல்லது கறுப்பு யுவி டியூப்கள். எரியும் விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது, பெட்டிக்குள் வைத்து மூடுங்கள்.

சயனோடைப் கைக்கு வந்துவிட்டது. அடுத்து?

வான்டைக் பிரவுன். அதே ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், அதே பிரஷ், அதே கண்ணாடி. கூட வெள்ளி சேர்கிறது. சிட்ரேட் 9 கிராம் 33 மில்லியில், டார்டாரிக் அமிலம் 1.5 கிராம் 33 மில்லியில், சில்வர் நைட்ரேட் 3.8 கிராம் 33 மில்லியில். முதல் இரண்டையும் கலந்து, வெள்ளிக் கரைசலைக் கடைசியாகச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். பழுப்பு பாட்டிலில் சில நாள் இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். வெள்ளி வந்துவிட்டால் ஆர்ஓ தண்ணீர்கூட வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மிச்சமிருக்கும் குளோரைடு வெள்ளியைப் பால்போல் திரித்துவிடும். பிரஷிலும் இரும்புப் பட்டி இருக்கக் கூடாது.

கழுவும் தண்ணீர் முதலில் பால் நிறமாகும். அது தெளியும் வரை கழுவி, படத்தை நிலைநிறுத்தும் உப்பான ஹைப்போவின் மூன்று சதவீதக் கரைசலில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு நன்றாக அரை மணி நேரம் கழுவுங்கள். ஹைப்போவில் போட்டவுடன் இஞ்சிப் பழுப்பு ஆழ்ந்த காப்பிப் பழுப்பாக மாறும். இரும்பு மிச்சம் தாளில் தங்கினால் சில வருடத்தில் படம் மங்கும், ஆகவே முதல் கழுவலில் இங்கும் எலுமிச்சை உப்பு.

அதற்கடுத்து சால்ட் பிரிண்ட். காகிதத்தை இரண்டு சதவீதச் சாப்பாட்டு உப்புக் கரைசலில், முடிந்தால் கொஞ்சம் ஜெலட்டினோடு, நனைத்து உலர்த்தி, மேலே பன்னிரண்டு சதவீத சில்வர் நைட்ரேட் பூச வேண்டும். அயோடின் சேர்ந்த உப்பு வேண்டாம். வெளிச்சத்திலேயே படம் முழுதாக எழுந்து வரும், நெகட்டிவையும் தாளையும் அழுத்திப் பிடிக்கும் பிரிண்டிங் ஃபிரேமின் பின்கதவில் பாதியைத் திறந்து பார்த்துக்கொண்டே நிறுத்தலாம். ஹைப்போவில் வெளிறும் என்பதால் தேவைக்கு மேல் கருக்க விடுங்கள். சாதாரண நெகட்டிவ் இதற்குப் போதாது, மிக அடர்த்தியான, கறுப்புக்கும் வெளுப்புக்கும் வேறுபாடு அதிகமுள்ள நெகட்டிவ் கேட்கும்.

இந்த முறைகளில் நம் ஊரில் அந்தக் காலத்தில் யாராவது படம் எடுத்தார்களா?

எடுத்தார்கள், அதுவும் உலகத் தரத்தில். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றினார். மெழுகு தடவிய காகிதத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்தினார். அவரோடு வேலை செய்த உதவியாளர்களில் ஐயாசாமி என்பவரின் பெயர் பதிவாகியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்கள். ஒவ்வொரு துண்டின் நிறமும் அடர்த்தியும் பக்கத்துத் துண்டோடு பொருந்த வேண்டும். ஒரே நெகட்டிவில் ஒரே மாதிரி இரண்டு பிரிண்ட் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் அவருடைய பிரிண்ட்கள் பெரிய அளவில் கிடைக்கின்றன. நிழலின் ஆழத்தில் எவ்வளவு விவரம் விட்டிருக்கிறார் என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

பிளாட்டினம், பல்லேடியம் பிரிண்டுக்கு அந்தச் செலவு தகுமா?

தகும், ஆனால் அவசரமில்லை. வில்லியம் வில்லிஸ் 1873இல் காப்புரிமை பெற்ற முறை. உலோகம் காகித இழைகளுக்குள்ளேயே தங்குகிறது, மேலே ஜெலட்டின் படலம் கிடையாது. அதனால் பளபளப்பில்லாத, மிக நீண்ட சாயல் வரிசை. பிளாட்டினம் மங்குவதில்லை, காகிதம் இருக்கும் வரை படம் இருக்கும். இன்று பெரும்பாலோர் பல்லேடியத்தை முதன்மையாக வைத்துப் பிளாட்டினத்தைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். சாம்பல் வேண்டுமா, இளஞ்சூட்டுப் பழுப்பு வேண்டுமா என்பதை அந்த விகிதமும் காகிதத்தின் ஈரப்பதமும் தீர்மானிக்கும். காய்ந்து மொறுமொறுப்பான தாளில் படம் சொரசொரப்பாக வரும். வான்டைக்கில் ஒரே தரத்தில் தொடர்ந்து பிரிண்ட் எடுக்க முடிகிறவர் இதற்குப் போகலாம், கைப்பழக்கம் ஏறக்குறைய அதேதான்.

கம் பைக்ரோமேட் செய்ய ஆசை. வண்ணம் வருமாமே?

வரும், அழகாகவே வரும். வேலம் பிசின் போன்ற பிசினில் நீர்வண்ண நிறமியைக் குழைத்து, டைக்ரோமேட் சேர்த்துப் பூசுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், மற்றது தண்ணீரில் கரையும். அடுக்கடுக்காகப் பூசி முழு வண்ணம் எடுக்கலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1904இல் பிளாட்டினத்தின் மேல் கம் பூசி எடுத்த, குளத்தங்கரை நிலவொளிப் பிரிண்ட் ஒன்று 2006இல் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஆனால் டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிற குரோமியம். தோலில் பட்டால் வாழ்நாள் ஒவ்வாமை வரலாம், தூளைச் சுவாசிப்பது இன்னும் மோசம். குழந்தைகள் இருக்கும் வீட்டில், குளியலறையில், இதைச் செய்யாதீர்கள். அனுபவமுள்ள ஒருவரோடு, கழிவை முறையாகச் சேகரிக்கும் இடத்தில் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மற்ற ரசாயனங்கள் பாதுகாப்பானவையா?

சில்வர் நைட்ரேட் தோலைக் கறுப்பாக்கும், அது சில நாளில் போகும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கையுறையும் கண்ணாடியும் போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஃபெரிசயனைடின் பெயரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஆனால் வலுவான அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது, விஷவாயு வரும். மேலே சொன்ன எலுமிச்சை உப்பின் அளவு அந்தக் கணக்கில் வராது. தூளை எடைபோடும்போது மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போடுங்கள்.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். செடிக்கோ கிணற்றடிக்கோ ஊற்றாமல் கேனில் சேருங்கள். எக்ஸ்ரே லேப்களிலிருந்து பழைய ஹைப்போவை வாங்கி வெள்ளி எடுப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

பள்ளிக் குழந்தைகளோடு ஏதாவது செய்யலாமா?

மஞ்சள் இருக்கிறதே. மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து வடித்து, காகிதத்தில் பூசி, மேலே ஓர் இலையை வைத்துப் பல மணி நேரம் வெயிலில் விடுங்கள். வெயில் பட்ட இடம் வெளுக்கும். பிறகு பெரியவர் ஒருவர் வெங்காரக் கரைசலைத் தடவினால் மிச்ச மஞ்சள் செம்பழுப்பாக மாறும். சுண்ணாம்பு பட்டு ஆரத்தி நீர் சிவக்கும் அதே வேதியியல். தாவரச் சாற்றில் படம் எடுப்பதையும் ஹெர்ஷல் 1842 வாக்கில் ஆராய்ந்திருக்கிறார். இதை நிலைநிறுத்த வழியில்லை, வெளிச்சத்தில் மெல்ல மறையும்.

முழு இருட்டறை இருப்பவர்களுக்கு வேறு என்ன?

லித் பிரிண்டிங். சாதாரண போட்டோ பேப்பரை அதிகமாக எக்ஸ்போஸ் செய்து, மிகவும் நீர்த்த லித் டெவலப்பரில் போட வேண்டும். கருமை தன்னைத்தானே வேகப்படுத்திக்கொண்டு பரவும், சரியான நொடியில் வெளியே எடுப்பதுதான் வித்தை. எல்லாப் பேப்பரும் இதற்கு ஒத்துவராது. கோடக் 2005இல் கறுப்பு வெள்ளைப் பேப்பர் தயாரிப்பையே நிறுத்தியபோது பலர் பழகிய பேப்பரை இழந்தார்கள். நாமே பூசும் முறைகளில் அந்தக் கவலை கிடையாது.

நீலம் மங்கிவிடுமா? எப்படி வைத்திருப்பது?

கடும் வெளிச்சத்தில் மங்கும். ஆனால் கொஞ்ச நாள் இருட்டில், காற்றுப் படும்படி வைத்தால் பெருமளவு திரும்பிவிடும். அட்கின்ஸின் நீலங்கள் இன்னும் ஆழமாகவே இருக்கின்றன. நிரந்தர ஆபத்து காரம்தான். ஃபிரேம் கடையில் அமிலமில்லாத அட்டை என்று கொடுப்பதில் பெரும்பாலும் கார்பனேட் சேர்த்திருக்கும். சயனோடைப்புக்கு அது சேர்க்காத அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். மற்ற பிரிண்ட்களோடு ஒரே உறையில் அடுக்காமல் தனியாக வையுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். அம்மோனியா கலந்த கிளீனர் விளிம்பு வழியே இறங்கினால் அந்த ஓரம் வெளுத்துவிடும்.